அடுப்புகளை எண்ணிய ஏடுகள்: மரியா ஒடிலா டியாஸ் கண்டெடுத்த சாவோ பாவ்லோ பெண்கள்

கேள்வி இதுதான்: "பழைய பிரேசில் குடும்பம் என்றாலே பெரிய பண்ணை வீடு, அதிகாரம் செலுத்தும் தோட்ட முதலாளி, வாய் திறக்காத மனைவி, பின்கட்டில் அடிமைகள் என்றே படிக்கிறோம். அந்தப் பெண்கள் உண்மையில் எப்படி வாழ்ந்தார்கள், குடும்பம் எப்படி நடந்தது என்று ஆராய்ந்த வரலாற்றாசிரியர் உண்டா? அவர் சொல்வது என்ன?"

பலர் உண்டு. ஒருவரை மட்டும் சொல்லச் சொன்னால் நான் மரியா ஒடிலா லெய்ட்டே ட சில்வா டியாஸ் பெயரைத்தான் சொல்வேன். சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர், பிரேசிலின் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் செர்ஜியோ புவார்க்கே டி ஒலாண்டாவின் மாணவி. 1984இல் அவர் வெளியிட்ட 'கொட்டிடியானோ இ பொடேர்' என்ற நூல் 19ஆம் நூற்றாண்டுச் சாவோ பாவ்லோவின் ஏழைப் பெண்களைப் பற்றியது. தலைப்பின் பொருள் 'அன்றாடமும் அதிகாரமும்'. 1995இல் ஆங்கிலத்திலும் வந்தது. லத்தீன் அமெரிக்க வரலாற்றில் நான் படித்தவற்றுள் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட புத்தகங்கள் சிலதான். அவற்றில் இது ஒன்று. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நீங்கள் சொன்ன அந்தப் பண்ணை வீட்டுச் சித்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1933இல் பிரேசில் சமூகவியலாளர் ஜில்பெர்ட்டோ ஃபிரெய்ரே எழுதிய 'காசா கிராண்டே இ சென்சாலா' ('பெரிய வீடும் அடிமைக் கொட்டடியும்') பிரேசில் தன்னைப் பார்த்துக்கொண்ட விதத்தையே மாற்றிய நூல். அதன் களம் வடகிழக்கே பெர்னாம்புகோவின் கரும்பு ஆலைப் பண்ணைகள். அங்கே தந்தை, மனைவி, பிள்ளைகள், உறவினர், அடிமைகள், அண்டிப் பிழைப்பவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் நிழலில் இருந்தார்கள். பெர்னாம்புகோ பண்ணைகளுக்கு அது பெருமளவு பொருந்தும். சிக்கல் என்னவென்றால், நாளடைவில் அதுவே பிரேசில் குடும்பம் முழுவதற்குமான அச்சாகிவிட்டது. ஏழைகளின் வீடு எப்படி இருந்தது, நகரத்துத் தெருவில் யார் நடமாடினார்கள் என்று கேட்கும் தேவையே இல்லாமல் போயிற்று. ஏழைகளுக்குக் குடும்பம் என்று ஒன்று இருந்ததா என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

அந்த அச்சு உடைந்தது ஓர் ஆவணத்தால். 1765இல் சாவோ பாவ்லோவுக்கு ஆளுநராக வந்த மொர்காடோ டி மத்தேயுஸ் தன் ஆட்சிப் பகுதி முழுவதும் தலைக்கட்டு வாரியாகக் கணக்கெடுக்கச் சொன்னார். படைக்கு ஆள் வேண்டும், வரிக்கு விவரம் வேண்டும், எனவே இந்த ஏற்பாடு. அந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கட்டுக்கட்டாக அந்த ஏடுகள் இன்றும் சாவோ பாவ்லோ மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டையும் அவற்றில் 'ஃபோகு' என்று குறித்திருக்கிறார்கள். போர்ச்சுகீசிய மொழியில் ஃபோகு என்றால் நெருப்பு. ஒரு அடுப்பு எரிந்தால் ஒரு குடும்பம், அதுதான் கணக்கு.

அந்த அடுப்புகளை ஆராய்ச்சியாளர்கள் எண்ணத் தொடங்கியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, பெரும்பாலான வீடுகள் சின்னவை. மூன்று தலைமுறையும் முப்பது அடிமைகளும் கொண்ட வீடு அபூர்வம். தாய், இரண்டு மூன்று பிள்ளைகள், ஒண்ட வந்த ஒருத்தி, சில வீடுகளில் ஓர் அடிமை, அவ்வளவுதான். இரண்டாவது, குடும்பத் தலைவர் என்று முதல் வரியில் எழுதியிருந்த பெயர் பல வீடுகளில் பெண்ணுடையது. நகரப் பகுதியில் இது எந்தப் பட்டியலை எடுக்கிறோம், எந்த ஆண்டைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை, சில நேரம் அதற்கு மேலும் வரும். மக்கள்தொகை வரலாற்றில் மரியா லூயிசா மார்சீலியோவும், குடும்ப வரலாற்றில் எனி டி மெஸ்கிட்டா சமாராவும் எலிசபெத் குஸ்னெசோஃபும் இந்தத் தளத்தை உறுதியாகப் போட்டுக்கொடுத்தார்கள்.

டியாஸ் இந்த எண்ணிக்கையோடு நிற்கவில்லை. அவரை நான் முதலில் சொல்லக் காரணம் அதுதான். "நாற்பது விழுக்காடு வீடுகளுக்குப் பெண் தலைவி" என்று சொன்னால் அது ஒரு தகவல். அந்தப் பெண் காலையில் எழுந்து எங்கே போனாள், எதை விற்றாள், யாரிடம் கடன் வாங்கினாள், யார் அவளை விரட்டினார்கள் என்பதைப் பட்டியல் சொல்லாது. அதை அவர் வேறு இடங்களில் தேடினார்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிழைப்பு என்ன என்று ஒரு சிறு குறிப்பு இருக்கும். 'தன் தையலால் வாழ்கிறாள்.' 'பருத்தி நூற்று வாழ்கிறாள்.' 'தன் பலகாரங்களால் வாழ்கிறாள்.' 'பிச்சையால் வாழ்கிறாள்.' இவற்றோடு அடிக்கடி வரும் இன்னொரு தொடர், 'வீவி டி சுவாஸ் அஜென்சியாஸ்'. தமிழில் சொன்னால், 'தன் சொந்த முயற்சிகளால் வாழ்கிறாள்', அதாவது எதையோ செய்து பிழைக்கிறாள். எழுத்தருக்கு அது என்ன தொழில் என்று வகைப்படுத்தத் தெரியவில்லை. காலையில் ரொட்டி சுட்டு, பகலில் துணி வெளுத்து, மாலையில் புகையிலை விற்று, நடுவில் ஒரு பிரசவத்துக்கும் போய் வந்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? டியாஸின் நூல் முழுவதும் அந்த 'அஜென்சியாஸ்' என்ற ஒரு சொல்லுக்குள் புகுந்து பார்க்கும் முயற்சி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் கையாண்ட வழி எளிதானது, ஆனால் பொறுமை வேண்டும். இந்தப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் இல்லை, நாட்குறிப்பு இல்லை. மனு போட வேண்டுமென்றால் எழுத்தரைப் பிடிக்க வேண்டும், கையெழுத்துக்கு ஒரு சிலுவைக் குறி, அல்லது அவள் கேட்டுக்கொண்டதற்காக வேறொருவர் போட்ட ஒப்பம். ஆக, அவர்கள் தாங்களாக ஆவணத்துக்குள் வருவது அரிது. அதிகாரம் அவர்கள்மேல் எரிச்சல்படும்போதுதான் வருவார்கள். நகராட்சி மன்றம் அபராதம் போடும், உரிமம் இல்லாமல் விற்றாள் என்று கூடையைப் பறிக்கும், இரவு மணி அடித்த பிறகும் தெருவில் நின்றாள் என்று பிடிக்கும். டியாஸ் இந்த அபராதச் சீட்டுகளையும் தடையாணைகளையும் புரட்டிப் போட்டுப் படித்தார். ஒரே தடையை மன்றம் முப்பது நாற்பது வருடம் திரும்பத் திரும்பப் போடுகிறது என்றால், அந்தக் காரியம் முப்பது நாற்பது வருடமும் நடந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்?

சரி, அப்படி என்ன செய்தார்கள் இந்தப் பெண்கள்?

சாவோ பாவ்லோவின் நடுவே உணவுப் பொருள் விற்க 'காசின்யாஸ்' என்று சின்னச் சின்னக் கடைவீடுகள் இருந்த தெரு ஒன்று உண்டு. கிராமத்திலிருந்து கழுதைகளின் மேல் மரவள்ளி மாவு, சோளம், மொச்சை, பன்றிக் கொழுப்பு எல்லாம் அங்கே வந்து இறங்கும். சுற்றிலும் தரையில் பாய் விரித்தும் தலையில் தட்டம் சுமந்தும் 'கிட்டாண்டெய்ரா' என்று அழைக்கப்பட்ட பெண்கள் விற்பார்கள். அவர்களில் அடிமைகள் உண்டு, விடுதலை பெற்றவர்கள் உண்டு, கலப்பினச் சுதந்திரப் பெண்களும் ஏழை வெள்ளைப் பெண்களும் உண்டு. அவித்த பினியாவோ (தெற்குப் பிரேசிலின் ஊசியிலை மரத்துக் கொட்டை), சோளத்தை அரைத்து இலையில் கட்டி வேகவைத்த பமோன்யா, நிலக்கடலை மிட்டாய், மீன், நாட்டுச் சாராயம், புகையிலை எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் வறுத்த 'இசா' கிடைக்கும். அது இறக்கையோடு புற்றிலிருந்து கிளம்பும் பெண் இலைவெட்டி எறும்பு. வயிற்றுப் பகுதியை மட்டும் வறுத்து மரவள்ளி மாவோடு பிசைவார்கள். பழங்குடியினரிடமிருந்து வந்த இந்தத் தின்பண்டம் சட்டக் கல்லூரி மாணவர்கள் வரை பிடித்தமானது. வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

நகரத்துக்கு அன்றாடம் சோறு போட்டது இந்த வியாபாரம். ஆனாலும் மன்றத்துக்கு இவர்கள்மேல் தீராத கோபம். ஏன் என்று டியாஸ் விளக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஊருக்குள் வந்த சரக்கு காசின்யாஸ் தெருவில்தான் விற்க வேண்டும், அங்கேதான் வரி கட்ட வேண்டும் என்பது விதி. பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், விடியும் முன்பே ஊர் எல்லைக்குப் போய் பாலத்தருகே சரக்கோடு வரும் விவசாயியை மடக்கி அங்கேயே பேரம் பேசி வாங்கிவிட்டார்கள். அவருக்கும் வரி மிச்சம், இவர்களுக்கும் லாபம். வாங்கியதைச் சில்லறையாகப் பிரித்து ஊர் முழுக்க விற்றார்கள். மன்றம் இதைப் பதுக்கல், கள்ள வியாபாரம் என்றது. ஊரில் பஞ்சம் வந்தால் முதல் பழி இவர்கள்மேல். ஆனால் பெரிய அளவில் பதுக்கியவர்கள் செல்வாக்குள்ள வியாபாரிகள். அவர்களில் சிலர் மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேண்டியவர்கள். அபராதம் மட்டும் கூடைக்காரிக்கு.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. பழைய போர்ச்சுகீசிய மரபில் சில்லறை உணவு வியாபாரமும் ஊசி நூல் போன்ற சிறு பொருள் வியாபாரமும் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஆதரவற்ற பெண் நேர்மையாகப் பிழைக்க வழி வேண்டும் என்பது அதன் நியாயம். ஏழைப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது, மனுக்களில் பயன்படுத்தினார்கள். 'நான் ஏழை, விதவை, பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும்' என்று எழுத்தர் கையால் எழுதப்பட்ட வரிகளை வெறும் கெஞ்சலாக நாம் படித்துவிடக் கூடாது. எந்தச் சொல்லைச் சொன்னால் அதிகாரி இறங்கி வருவார் என்று தெரிந்து சொன்ன சொல் அது.

ஆண்கள் எங்கே போனார்கள் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். பட்டியலில் பல பெண்களின் பெயர் அருகே 'கணவன் இல்லை' என்பதற்குப் பதிலாக 'கணவன் ஊரில் இல்லை' என்றே இருக்கும். சாவோ பாவ்லோ ஆண்கள் காலங்காலமாகப் புறப்பட்டுப் போகிறவர்கள். 17ஆம் நூற்றாண்டில் பழங்குடியினரைப் பிடித்து அடிமையாக்க உள்நாட்டுக்குள் போனார்கள். 18ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடி மினாஸ் ஜெராயிஸுக்கும், படகில் மாதக்கணக்கில் பயணம் செய்து குயாபாவுக்கும் போனார்கள். பிறகு தெற்கிலிருந்து சொரொகாபா சந்தைக்குக் கோவேறு கழுதைகளை ஓட்டி வரும் தொழில் வந்தது. புதுக் கரும்பு, காப்பி நிலங்களைத் தேடி மேற்கே போனவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் தெற்கு எல்லைப் போர்களுக்கான கட்டாயப் படைச் சேர்ப்பு. ஆள் பிடிக்க வருகிறார்கள் என்ற செய்தி வந்தால் இளைஞர்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். வீடும் நிலமும் கடனும் பிள்ளைகளும் பெண்ணின் கையில் தங்கின.

திருமணமும் எல்லோருக்கும் எட்டக்கூடியதாக இல்லை. 1707இல் வடகிழக்கே பாயியாவின் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் வகுத்த விதிகள்தான் அப்போது போர்ச்சுகல் ஆண்ட பிரேசில் முழுவதற்கும் வழிகாட்டி. ஞானஸ்நானச் சான்று, மூன்று ஞாயிறு அறிவிப்பு, வேறு ஊர்க்காரரென்றால் அவர் ஏற்கெனவே மணமானவரல்ல என்பதற்குச் சாட்சி என்று ஒவ்வொன்றுக்கும் காசு, ஒவ்வொன்றுக்கும் காலம். அலைந்து பிழைக்கும் ஏழைக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே ஏராளமானோர் சேர்ந்து வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், திருச்சபைக் கண்காணிப்பு வந்தால் அபராதம் கட்டினார்கள், மீண்டும் சேர்ந்து வாழ்ந்தார்கள். முறைப்படி மணம் செய்யாத தாய்க்குப் பிறந்த குழந்தை சாவோ பாவ்லோ ஞானஸ்நானப் பதிவேடுகளில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருக்கும்.

கைவிடப்பட்ட குழந்தைகளும் நிறைய. 1825இல் அங்கே சாந்தா காசா மருத்துவமனைச் சுவரில் 'ரோடா' என்ற சுழலும் மரத் தொட்டியை வைத்தார்கள். வெளியிலிருந்து குழந்தையை அதில் கிடத்தி, சுழற்றி, மணியை அடித்துவிட்டுப் போய்விடலாம். யார் வைத்தார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ரோடா வருவதற்கு முன் வீட்டு வாசற்படிதான். பட்டியல்களில் தனியே வாழும் பெண்ணின் வீட்டில் 'எடுத்து வளர்க்கும் குழந்தை' என்று குறிப்பு வரும்போது, சில நேரம் அது அவள் பெற்ற குழந்தையாகவே இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். மானத்தையும் காத்து பிள்ளையையும் தன்னோடு வைத்துக்கொள்ள அது ஒரு வழி.

இதுவரை படித்ததை வைத்து, டியாஸ் ஏழைப் பெண்களின் வீரத்தைப் பாடியிருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். நூலின் மிகக் கனமான பகுதி இனிமேல்தான்.

மீண்டும் அந்தப் பட்டியலுக்கு வாருங்கள். 'திருமணமாகாதவள், ஏழை' என்று எழுதியிருக்கும் பெண்ணின் கீழே ஒரு வரி: 'அடிமை ஒருத்தி'. வறுமையும் அடிமை உடைமையும் ஒரே வீட்டில். இது எப்படி? அந்த அடிமைப் பெண் தினமும் காலையில் தட்டத்தோடு தெருவுக்குப் போவாள். பலகாரமோ விறகோ விற்று, மாலையில் குறித்த ஒரு தொகையை எசமானியிடம் கொடுக்க வேண்டும். 'கான்யோ' என்று பெயர் இந்த ஏற்பாட்டுக்கு. குறைந்தால் அடி விழும். கூடினால் மிச்சம் அவளுக்கு, அதைச் சேர்த்து வைத்துப் பல ஆண்டு கழித்துத் தன் விடுதலையை விலை கொடுத்து வாங்கலாம். நகரங்களில் விடுதலை பெற்றோரில் பெண்களே அதிகம் என்பதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம். ஆனால் அந்த எசமானியின் வீட்டில் எரிந்த அடுப்பு அந்த அடிமைப் பெண் தெருத்தெருவாக நடந்த நடையில் எரிந்தது. வயதான பெண்ணொருத்தி, அவளுக்குச் சோறு போடும் ஒரே ஓர் அடிமை, இருவரும் ஒரே அறையில் படுத்து ஒரே கஞ்சியைக் குடித்து வாழ்ந்தார்கள். அந்த நெருக்கம் அன்பாகிவிடவில்லை. சண்டைக்கும், வன்முறைக்கும், ஓடிப்போவதற்கும் வழக்குப் பதிவுகள் சாட்சி.

டியாஸ் இதை மறைக்கவோ மெழுகவோ இல்லை. 'பெண்கள்' என்று எல்லோரையும் ஒரே கூடையில் போடக் கூடாது என்பதை அவர் பின்னாளில் எழுதிய கட்டுரைகளிலும் அழுத்திச் சொன்னார். எக்காலத்துக்கும் பொதுவான 'பெண்' என்று ஒருத்தி இல்லை. குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட நிறத்தோடும் கடனோடும் வாழ்ந்த ஒருத்திதான் இருக்கிறாள். நான் அவரிடம் கற்றுக்கொண்டதில் முதலிடம் இதற்குத்தான்.

பணக்காரப் பெண்களைப் பற்றியும் அவர் சொல்வது கவனிக்க வேண்டியது. வெளிநாட்டுப் பயணிகள் சாவோ பாவ்லோ பெண்களை வீட்டுக்குள் அடைபட்டவர்கள் என்றே எழுதினார்கள். விருந்துக்குப் போனால் வீட்டுப் பெண்கள் கண்ணில் படுவதில்லை, தெருவில் வந்தால் தடித்த கம்பளித் துணியால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள் என்பது அவர்களின் புகார். ஆனால் உயிலையும் சொத்துப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தால், கணவன் பயணத்தில் இருக்கும்போது பண்ணையை நடத்தியவள், கடன் கொடுத்து வசூலித்தவள், வழக்கு நடத்தியவள் அதே பெண். முகத்தை மூடும் அந்தத் துணிக்கே ஆளுநர்கள் தடை போட்டுப் பார்த்தார்கள். மூடிக்கொண்டு வரும் பெண் யார், எங்கே போகிறாள் என்று தெரியவில்லையே என்பதுதான் அவர்களின் கவலை. அடக்கத்தின் அடையாளம் என்று பயணிகள் எழுதிய துணி, உள்ளூர் அதிகாரிக்குக் கட்டுக்கடங்காத ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

சட்டம் எங்கே நின்றது என்றும் சொல்லிவிடுகிறேன். 1603இல் வந்த, போர்ச்சுகல் மன்னர் பிலிப்பின் பெயரிலான சட்டத் தொகுப்பின் குடிமைப் பகுதிகள் பிரேசிலில் 1916 வரை நடைமுறையில் இருந்தன. அது மனைவியைக் கணவனுக்குக் கீழே வைத்தது. பிறன்மனை உறவில் பிடிபட்டால் கொல்லவும் அந்தத் தொகுப்பு கணவனுக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் அதே சட்டம் தம்பதியின் சொத்தைப் பொதுச் சொத்தாகக் கருதியது. கணவன் இறந்தால் பாதி மனைவிக்கு, மீதி மகன் மகள் என்று பாராமல் சமமாகப் பங்கு. பிள்ளைகளின் காப்பாளராக இருக்க மட்டும் விதவை மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும், மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும். வரதட்சணையும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் சாவோ பாவ்லோவின் வசதியான குடும்பங்கள் மகளுக்கு நிலமும் பழங்குடி அடிமைகளும் கொடுத்து, மகன்களை விடவும் அவளை முன்னே வைத்தன. 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அந்த வழக்கமே மறைந்துபோனது. அது எப்படி என்று முரியேல் நசாரி தனி நூலே எழுதியிருக்கிறார். குடும்பம் சேர்ந்து உற்பத்தி செய்யும் நிலை போய், மாப்பிள்ளையின் படிப்பும் சம்பாத்தியமும் குடும்பத்தைத் தாங்கும் நிலை வந்தது முக்கியக் காரணம் என்பது அவர் முடிவு. வரதட்சணையைப் பற்றி யோசிக்கும் எவரும் படிக்க வேண்டிய ஆய்வு.

இன்னொரு காட்சியையும் சொல்லாமல் விட மனமில்லை, தண்ணீர். சாவோ பாவ்லோவில் வீட்டுக்குக் குழாய் வருவதற்கு முன் பொது நீரூற்றுகள்தான் கதி. மிசெரிகோர்டியா சதுக்கத்தில் இருந்த நீரூற்று அவற்றில் முக்கியமானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கட்டியவர் தேபாஸ் என்று அழைக்கப்பட்ட கறுப்பினக் கல்தச்சர். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். அங்கே குடத்தோடு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் அடிமைகள். தமந்துவாத்தெய் ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் பெண்கள். இந்த இரண்டு இடங்களையும் அதிகாரிகள் 'கூச்சல், சண்டை, ஒழுங்கீனம்' என்று எழுதினார்கள். டியாஸ் அதே குறிப்புகளை எடுத்து, செய்தி பரிமாறும் இடமாக, வேலை தேடும் இடமாக, ஓடிப்போனவள் தன்னை ஒளித்து வைக்க ஆள் தேடிக்கொள்ளும் இடமாக, கைமாற்று வாங்கும் இடமாகக் காட்டுகிறார். ஞானஸ்நானத்தில் உண்டாகும் ஞானத்தாய் உறவும் இங்கெல்லாம் வேலை செய்தது. அடிமைப் பெண் தன் குழந்தைக்குச் சுதந்திரப் பெண் ஒருத்தியை ஞானத்தாயாக்கிக்கொண்டால், ஆபத்துக் காலத்தில் கதவைத் தட்ட ஓர் இடம் இருக்கும்.

இந்த உலகம் கலைந்ததும் அவர் நூலில் வருகிறது. 1867இல் துறைமுக நகரான சாந்தோஸிலிருந்து ரயில் வந்தது. காப்பிப் பணம் நகரத்துக்குள் கொட்டியது. 1872 கணக்கெடுப்பில் சாவோ பாவ்லோவில் ஏறத்தாழ 31,000 பேர். 1900இல் ஏறத்தாழ 2,40,000 பேர். இடையில் 1888இல் அடிமைமுறை ஒழிந்தது, இத்தாலியர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். நடுத்தெருவில் பாய் விரித்து விற்ற பெண் புதிய நகரத்தின் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தாள். சுகாதாரம், ஒழுங்கு என்ற பெயரில் அவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஏன் 1984இல், ஏன் சாவோ பாவ்லோவில் இப்படி ஒரு நூல் வந்தது என்பதற்கும் காரணம் தேடினால் கிடைக்கும். 1964இல் தொடங்கிய ராணுவ ஆட்சியின் இறுதி வருடங்கள் அவை. 1970களில் அந்நகரின் புறப்பகுதிகளில் தாய்மார் மன்றங்கள் கூடி, விலைவாசிக்கு எதிராகக் கையெழுத்து வாங்கித் தெருவுக்கு வந்திருந்தன. கட்சியும் சங்கமும் முடக்கப்பட்டிருந்தபோது அரிசி விலையையும் குழந்தைகள் காப்பகத்தையும் பேசி அரசை எதிர்த்தவர்கள் அந்தப் பெண்கள். டியாஸின் நூலை அந்தச் சூழலில் வைத்துப் பார்க்கும்போது, விலையும் வரியும் அடுப்பும் அரசியல்தான் என்று அவர் அவ்வளவு உறுதியாக எழுதியது எனக்கு இயல்பாகவே படுகிறது.

குறை சொல்ல வேண்டுமென்றால், நடை. எளிதாகப் படிக்கும் நூல் அல்ல. ஒரே பத்தியில் ஐம்பது வருடம் முன்னும் பின்னும் போய்வருவார். ஓர் ஆவணத்திலிருந்து ஒரு வரி, அடுத்த ஆவணத்திலிருந்து அரை வரி என்று ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். ஒருத்தியின் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொல்லுங்களேன் என்று கேட்கத் தோன்றும். அப்படிச் சொல்ல ஆவணம் இல்லை, இல்லாததை இட்டுக்கட்ட அவர் தயாராகவும் இல்லை. முதல் வாசிப்பில் நானே பாதியில் நிறுத்தி, சில மாதம் கழித்து மறுபடி எடுத்துத்தான் முடித்தேன்.

படிக்க விரும்பினால் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள், அது கோட்பாட்டுப் பகுதி. ரொட்டி சுட்டவர்களையும் தெருவில் விற்றவர்களையும் பற்றிய அத்தியாயத்துக்கு நேரே போங்கள். அது பிடித்தால் முன்னுக்கு வாருங்கள். பக்கத்தில் ரியோ டி ஜெனீரோவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், 1860 முதல் 1910 வரையிலான வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றி சாண்ட்ரா லாடர்டேல் கிரஹாம் எழுதியதைப் படிக்கலாம். பெண்கள் வரலாறு முழுவதையும் ஒரே தொகுப்பாகப் பார்க்க, மரி டெல் பிரியோரே பதிப்பித்து 1997இல் வந்த பெருநூல் போர்ச்சுகீசிய மொழியில் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கேள்வியோடு தொடர்புள்ள இன்னொரு எண். பிரேசிலின் 2022 கணக்கெடுப்பில், வீட்டுப் பொறுப்பாளர் யார் என்ற கேள்விக்கு ஏறத்தாழ பாதி வீடுகளில் பெண்ணின் பெயர் சொல்லப்பட்டது. செய்தித்தாள்கள் அதைப் புதிய மாற்றம் என்று எழுதின. 2010 எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் 1765இல் தொடங்கிய அந்த ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு, முதல் வரியில் பெண்ணின் பெயர் இருப்பது பழகிய காட்சிதான்.